வான்கோழியை முழுதாகத்தான் சுட வேண்டுமா?

தமிழ் வாசகருக்கு வான்கோழி முதலில் அறிமுகமாவது மயிலைப் பார்த்துத் தானும் சிறகை விரித்த பறவையாக. அமெரிக்காவிலோ அது நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமையன்று, நன்றி நவிலும் நாளில், விருந்து மேசையின் நடுவே வீற்றிருக்கும் பறவை. அந்த ஒரு நாளுக்காக அந்நாட்டு வீடுகளில் வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடும் விவாதம் ஒன்றுண்டு. பறவையை எப்படிச் சமைப்பது? ஓவனில் மெதுவாகச் சுடுவதா, உப்புநீரில் ஊறவைப்பதா, எண்ணெயில் பொரிப்பதா, பிளந்து விரிப்பதா? வான்கோழி விற்கும் பட்டர்பால் நிறுவனம் 1981ஆம் ஆண்டிலிருந்து இதற்கென்றே ஒரு தொலைபேசிச் சேவை நடத்திவருகிறது என்றால், சிக்கலின் அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

இம்முறைகளை ஒப்பிட்டு நாம் வந்தடைந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வான்கோழி வறண்டுபோனால் சமைத்தவரைக் குறை சொல்வதில் பெரும்பாலும் நியாயமில்லை. அதை முழுதாகவே மேசைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற பிடிவாதமே முதற்காரணம்.

ஒரே பறவைக்குள் இரண்டு வகை இறைச்சி இருக்கிறது. நெஞ்சுக்கறி வெண்மையானது, கொழுப்புக் குறைந்தது. 150 பாகை ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதும் அதன் சாறு வெளியேறத் தொடங்கும். 170ஐக் கடந்தால் நார்நாராகிவிடும். கால், தொடைப் பகுதிகளோ நாள் முழுதும் நடந்து உழைத்த தசைகள். அவற்றின் இணைப்புத் திசுவிலுள்ள கொலாஜன் இளகிக் கூழாவதற்கு 175, 180 பாகை வரையிலும் போக வேண்டும். பாதுகாப்புக்கு எந்தப் பகுதியும் 165ஐத் தொட்டாக வேண்டும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் விதி. நெஞ்சுக்கு நியாயம் செய்தால் காலுக்கு அநியாயம்; காலுக்குக் காத்திருந்தால் நெஞ்சு பாழ். போதாக்குறைக்கு, இன்று கடைகளில் கிடைப்பவற்றில் மிகப்பெரும்பாலானவை அகன்ற நெஞ்சுடைய வெள்ளை இனத்தைச் சேர்ந்தவை. நெஞ்சுக்கறிக்காகவே பெருக்கப்பட்ட அவ்வினம் இயற்கையாக இணைசேரவும் இயலாதது. செயற்கைக் கருவூட்டலால்தான் பெருக்குகிறார்கள். முன்பே கடினமாக இருந்த கணக்கை மனிதர்கள் இன்னும் கடினமாக்கிக்கொண்டார்கள்.

இதற்குப் பிறகும் ஏன் முழுப்பறவை? விடையைச் சமையல் நூல்களை விடவும் இலக்கியத்திலும் ஓவியத்திலும்தான் தேட வேண்டும் என்று எண்ணுகிறோம். சாரா ஜோசஃபா ஹேல் 1827இல் வெளியிட்ட 'நார்த்வுட்' நாவலில் நன்றி நவிலும் நாள் விருந்து விரிவாக வருகிறது. அங்கே மேசையின் தலைமாட்டில் இருப்பது சுட்ட வான்கோழிதான். அந்நாளைத் தேசிய நாளாக்கப் பல்லாண்டுகள் போராடியவரும் அவரே. லிங்கன் 1863இல் அதை அறிவித்தார். பின்னர் 1943 மார்ச்சில் 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' இதழில் நார்மன் ராக்வெல்லின் 'வறுமையிலிருந்து விடுதலை' ஓவியம் வெளிவந்தது. வெள்ளை மேலங்கி அணிந்த மூதாட்டி ஒரு பெரிய தட்டில் முழு வான்கோழியை மேசையில் இறக்கி வைக்கிறார். பின்னால் முதியவர் நிற்கிறார். அமெரிக்க இல்லத்தரசிகள் அன்றிலிருந்து அந்த ஓவியத்தைச் சமைக்க முயன்றுவருகிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது. ஓவியத்துக்குச் சுவை தேவையில்லை. உண்பவர்களுக்குத் தேவை.

இனி முறைகளுக்கு வருவோம். மரபான முறையில் 325 பாகையில் 16 பவுண்டுப் பறவை ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓவனில் கிடக்கும். அரைமணிக்கொரு தரம் கதவைத் திறந்து, வழிந்த கொழுப்பை எடுத்து மேலே ஊற்றுவது வழக்கம். ஊற்றும் கொழுப்பு தோலைத் தாண்டி உள்ளே போவதில்லை. திறக்கும்போதெல்லாம் வெப்பம்தான் வெளியேறுகிறது. கால்களைச் சேர்த்துக் கட்டுவது அழகுக்கு. ஏற்கெனவே தாமதமாக வேகும் தொடையை அது மேலும் மூடிவைக்கிறது. வயிற்றுக்குள் ரொட்டிக் கலவையைத் திணிப்பது இன்னும் மோசம். உள்ளே சொட்டிய சாறு கலவையில் கலப்பதால் அதன் நடுப்பகுதியும் 165 பாகையை எட்ட வேண்டும். அதற்குள் நெஞ்சுக்கறி கைவிட்டுப் போயிருக்கும். கலவையைத் தனிப் பாத்திரத்தில் வேகவைப்பதே முறை.

உப்புநீரில் முழுப்பறவையை ஓரிரவு ஊறவைப்பது 1990களில் வீடுகளில் பரவிய வழக்கம். கறி ஈரமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த ஈரத்தில் பெரும்பகுதி வெறும் தண்ணீர். சுவை நீர்த்துப்போகிறது, தோலும் மொறுமொறுப்பாவதில்லை. வாளி நிறைய உப்புநீரைக் குளிர்பெட்டிக்குள் வைக்க இடம் தேடுவது வேறு தொல்லை. இதைவிட எளியது உலர்ந்த உப்பைத் தடவி இரண்டு மூன்று நாள் குளிர்பெட்டியில் வைப்பது. சான் பிரான்சிஸ்கோவின் ஜூனி கஃபே உணவகத்தில் ஜூடி ராட்ஜர்ஸ் கோழிக்குச் செய்துவந்த இந்த முறையை, 2006இல் 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' இதழில் ரஸ் பார்சன்ஸ் வான்கோழிக்குப் பொருத்தி எழுதினார். உப்பு முதலில் சாற்றை வெளியே இழுக்கும். அந்தச் சாற்றில் கரைந்து மீண்டும் கறிக்குள் இறங்கும். புரதத்தை இளக்கி, சூட்டில் அது இறுகிச் சாற்றைப் பிழிந்துவிடாமல் காக்கும். தோல் உலர்ந்து நன்றாகச் சிவக்கும். ஏற்கெனவே உப்புநீர் ஏற்றப்பட்ட பறவையா என்பதை உறையில் பார்த்துக்கொண்டு செய்வது நலம்.

எண்ணெயில் முழுதாகப் பொரிப்பது லூசியானாவிலிருந்து பரவிய முறை. 350 பாகை எண்ணெயில் பவுண்டுக்கு மூன்று அல்லது நான்கு நிமிடம் போதும். தோலின் மொறுமொறுப்புக்கு ஈடில்லை. ஆயினும் உள்ளே பனி சிறிதளவு எஞ்சியிருந்தாலும் அது நீராவியாகப் பெருகி எண்ணெயைப் பொங்கவைக்கும்; அடியிலுள்ள நெருப்பு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஒருவேளை உணவுக்காகச் சில காலன் எண்ணெயும் வீட்டின் பாதுகாப்பும் பணயம் வைக்கப்படுவதை நாம் ஏற்பதற்கில்லை. வழியும் சாறில்லாததால் கிரேவியும் இல்லை.

எஞ்சியவை இரண்டு. முதலாவது, முதுகெலும்பை வெட்டியெடுத்து, நெஞ்செலும்பை அழுத்திப் பறவையைத் தட்டையாக விரித்துச் சுடுவது. கால்கள் வெப்பம் மிகுந்த ஓரங்களுக்கு வந்துவிடுகின்றன. தோல் முழுதும் மேல்நோக்கியிருக்கிறது. 450 பாகையில் 12 பவுண்டுப் பறவை ஒன்றரை மணி நேரத்துக்குள் வெந்துவிடும். இரண்டாவது, முற்றிலுமாகத் துண்டாக்குவது. கால்களை முதல்நாளே வெங்காயமும் செலரியும் சேர்த்துக் கறிச்சாற்றில் மெல்ல வேகவைத்துவிடலாம். நெஞ்சை மட்டும் விருந்தன்று சுட்டு, 160 பாகையில் வெளியே எடுத்து வைத்தால், உள்ளிருக்கும் சூட்டிலேயே 165ஐ எட்டும். எட்டியதா என்பதை வெப்பமானியால் உறுதிசெய்துகொள்ள வேண்டும். முதுகும் கழுத்தும் சிறகு நுனிகளும் கிரேவிக்கான சாறாகும். இரு வகை இறைச்சிக்கும் அதனதன் வெப்பம் கிடைப்பது இம்முறையில் மட்டுமே. எமது வாக்கு இதற்குத்தான். முழுப்பறவையின் சாயலேனும் வேண்டும் என்போருக்கு முதலாவது முறை.

மேசையில் முழுப்பறவையை அறுத்துப் பகிரும் சடங்கு போய்விடாதா என்று கேட்கக்கூடும். சடங்குகளின் மதிப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இப்பறவையை மனிதர் முதலில் வளர்க்கத் தொடங்கிய மெக்சிகோவைப் பாருங்கள். மிளகாயும் எள்ளும் மசாலாக்களும் சிறிது சாக்லேட்டும் அரைத்த மோலே குழம்பில் வான்கோழியைத் துண்டுகளாகவே பரிமாறுகிறார்கள். திருமண விருந்துக்குரிய உணவு அது. துண்டாக்கியதால் விருந்தின் மாண்பு குறைந்தது என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

ராக்வெல்லின் ஓவியத்தை இன்னொரு முறை பார்க்கலாம். சமைத்தவராகத் தோன்றும் மூதாட்டி மட்டும் மேலங்கியைக் கழற்றாமல் நிற்கிறார்; மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் சிரிக்கிறார்கள். முழுப்பறவையின் உண்மையான விலை அவர் விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்ற நேரம். வேலையில் பாதியை முதல்நாளே முடித்து, மீதியை ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒப்பேற்ற இயலுமானால், அவரும் மேசையில் உட்கார்ந்து சூடாக உண்ணலாம். நன்றி நவிலும் நாளில் முதல் நன்றி அவருக்கே உரியது. அதைச் சொல்லால் மட்டுமன்றி, அவருக்கொரு நாற்காலி போட்டுத் தெரிவிக்கலாம் என்பது எம் கருத்து.