தோற்ற ஆட்டத்தைக் கசக்கி எறிய வேண்டாம்

மண்டூரில் எங்கள் செஸ் கழகத்துக்குப் பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோர்களுக்கும், அங்கே வந்து நின்று பார்க்கிற பெரியவர்களுக்கும்தான் இதை எழுதுகிறோம். கொஞ்சம் காரமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை, குருமண்வெளியிலிருந்து பாதையில் ஏறி வருகிற ஒரு தம்பி இருபது நிமிடத்தில் தோற்றுப்போனான். ஸ்கோர் சீட்டைக் கசக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினான். நாங்கள் என்ன சொன்னோம்? "விடு மகன், அடுத்ததைப் பார்" என்றார் ஒருவர். "அந்த ஓப்பனிங்கே சரியில்ல, வேற ஒண்டு பழகு" என்றார் இன்னொருவர். "யூடியூப்ல எல்லாம் கிடக்கு" என்றார் மூன்றாமவர். அந்தத் தாளைத் தா என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பாதைத் துறையடியில்தான் அவன் சொன்னான்: "சேர், எனக்குச் செஸ் சரிவராது. இனி வரமாட்டன்."

அப்போதுதான் தாளை வாங்கி விரித்தோம். அவன் கறுப்பு. இரண்டு பக்கமும் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியிருந்தார்கள். குதிரைகள் வந்தன. வெள்ளை மந்திரி சீ4க்கு வந்தது, இவன் இரண்டாவது குதிரையையும் இறக்கினான். நாலாவது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை ஜீ5க்குப் பாய்ந்து எஃப்7ஐக் குறிவைத்தது. இவன் டீ5க்குச் சிப்பாயைத் தள்ளினான், அதுவும் சரி. வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டியது. இவன் யோசிக்காமல் குதிரையால் திருப்பி வெட்டினான். உடனே வெள்ளைக் குதிரை எஃப்7இல் விழுந்து ராணியையும் மூலைக் கோட்டையையும் ஒன்றாக மிரட்டியது. ராஜா அதை வெட்டினார், வெள்ளை ராணி எஃப்3இலிருந்து செக் வைத்தது. டீ5 குதிரையைக் காப்பாற்ற ராஜா பலகையின் நடுவுக்கு நடந்தார். பிறகு கதை முடிந்தது.

பிழை இருபதாவது நகர்த்தலில் இல்லை, ஐந்தாவதில் இருக்கிறது. குதிரையால் வெட்டாமல், மற்றக் குதிரையை ஏ5க்குக் கொண்டுபோய் அந்த மந்திரியை விரட்டியிருக்க வேண்டும். ஒரு சிப்பாய் போகும். பதிலுக்குக் காய்கள் வேகமாக வெளியே வரும், ராஜாவும் தப்புவார். ஓப்பனிங் பிழையில்லை, ஒரே ஒரு நகர்த்தல்தான் பிழை. இந்தப் பொறி ஏறத்தாழ 400 வருடத்துக்கு முன்பே இத்தாலியில் எழுதிவைக்கப்பட்டது. அவன் மூன்று கிழமைக்கு முன்பும் இதே இடத்தில்தான் விழுந்தானாம். அன்றைக்கே தாளைப் பார்த்திருந்தால் இரண்டாம் தரம் விழுந்திருப்பானா? அவனைக் கழகத்தை விட்டுத் துரத்தப் பார்த்தது எங்கள் சோம்பல்தான்.

"தோல்வியைக் கிளறினால் பிள்ளையின் மனம் நோகும்" என்கிறார்கள். காரணம் தெரியாத தோல்விதான் கூடுதலாக நோகும். காரணம் தெரியாவிட்டால் பிள்ளை தன்னையே மொக்கு என்று நினைத்துக்கொள்ளும். காரணம் தெரிந்தால் அது வெறும் ஐந்தாவது நகர்த்தல்.

"போனில் கம்ப்யூட்டரே சொல்லுமே" என்கிறார்கள். நல்ல நகர்த்தலைச் சொல்லும். அந்த நேரம் பிள்ளை என்ன நினைத்து வெட்டியது என்று கேட்காது. அதை நாங்கள்தான் கேட்க வேண்டும்.

பெரிய ஆட்டக்காரர்களைப் பாருங்கள். 1995இல் நியூயோர்க்கில் உலகப் பட்டத்துக்காக ஆனந்தும் கஸ்பரோவும் மோதினார்கள். ஆறாவது ஆட்டத்தில் ஆனந்தின் தடுப்பைக் கஸ்பரோவால் உடைக்க முடியவில்லை, சமநிலை. ஒன்பதாவதில் ஆனந்த் வென்றார். கஸ்பரோவின் பக்கம் சும்மா இருக்கவில்லை. பத்தாவது ஆட்டத்தில் அதே தடுப்பு திரும்ப வந்தபோது, 14ஆவது நகர்த்தலில் அவர் மந்திரியைப் பின்னுக்கு இழுத்து ஆட்டத்தையே பறித்துவிட்டார். கடைசியில் 10½–7½ என்று பட்டத்தையும் காத்துக்கொண்டார். நீங்கள் உங்கள் தடுப்பைத் திருப்பிப் பார்க்காவிட்டால், எதிரி பார்த்துக்கொண்டு வருவான். அன்றைக்குத் தோற்ற ஆனந்த் பலகையை மூடிவைக்கவும் இல்லை. 2000இல் ஃபிடே உலகச் சம்பியனானார், 2007இல் உலகத்தின் ஒரே சம்பியனானார்.

நாங்களோ கப் வாங்கிய பிள்ளையின் படத்தை மட்டும் முகநூலில் போடுகிறோம். தோற்ற பிள்ளையின் தாள் குப்பைக்குப் போகிறது. இது வெட்கக்கேடு. முதல் வெட்கம் எங்களுக்கு.

ஆகவே இனி இப்படித்தான். தோற்ற பிள்ளை தாளோடு வரும். வென்ற பிள்ளையும் பக்கத்தில் இருக்கும். முதலில் இருவரும் தாங்கள் நினைத்ததைச் சொல்வார்கள். ஆட்டம் எந்த நகர்த்தலில் சறுக்கியது என்று தேடுவோம். அந்த இடத்துக்கு ஒரு மாற்று நகர்த்தலைக் கொப்பியில் எழுதுவோம். போன் அதற்குப் பிறகுதான். பெற்றோரிடம் கேட்பது ஒன்றுதான்: பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "வெண்டியா?" என்று கேட்காதீர்கள், "தாள் எங்க?" என்று கேளுங்கள்.

அந்தத் தம்பியின் தாள் எங்களிடம் இருக்கிறது. மடிப்பை நீவி, கொப்பிக்குள் வைத்திருக்கிறோம். அவனிடம் கேட்டுத்தான் இதை எழுதினோம். வருகிற சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அந்த ஆட்டத்தைத்தான் முதலில் பலகையில் வைக்கப்போகிறோம். ஐந்தாவது நகர்த்தலை அவனே வைத்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். நேரமிருப்பவர்கள் வாருங்கள்.