மீன் பாடும் என்று சொன்னவர் யார்?

மட்டக்களப்பு வாவியிலே மீன் பாடும் என்பதை நம் பிள்ளைகள் அனைவரும் அறிவர். “நீ கேட்டாயா? உனக்கு யார் சொன்னார்?” என்று வினவினாலோ பெரும்பாலோர் விழிப்பர். பத்திரிகைத் தொழிலின் அரிச்சுவடி அவ்வினாவிலேதான் தொடங்குகின்றது.

1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் இங்கு வந்த குடியேற்றநாட்டுச் செயலாளர் சேர் எமர்சன் ரெனென்ற் இச்செய்தியைக் கேள்வியுற்றார். கேட்டதோடு அமையாது, நிலவெழுந்தபின் மீனவரோடு தோணியேறினார். கோட்டை வாயிற்றுறையிலிருந்து ஏறக்குறைய 200 யார் சென்றதும் நீரடியிலிருந்து மெல்லிய இன்னொலிகள் எழுந்தன. தோணி மரத்திலே காதை வைத்தபோது ஒலி பெருகிற்று. மீனவரை வினவினார். கோடையில் நன்கு கேட்கும், மழைவெள்ளம் பெருகினால் அடங்கும், ஒலிப்பது மீனன்று, ஊரியே என்றனர் அவர்கள். தாம் கேட்டதை வேறாகவும், அவர்கள் சொன்னதை வேறாகவும் 1861இல் வெளிவந்த தம் நூலிலே எழுதிவைத்தார்.

பெற்றோரே, இம்முறையை வீட்டிலேயே பழக்கலாம். கொப்பித்தாள் ஒன்றை மூன்று பத்தியாகக் கோடிடச் செய்யுங்கள். “நானே கண்டு கேட்டது”, “பிறர் சொன்னது”, “நான் எண்ணுவது” எனத் தலைப்பிடுக. காலையிலே தோணிகள் கரைசேரும் துறைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். என்ன மீன் பட்டது, என்ன விலை போயிற்று என்பதைத் தோணிக்காரரிடமும் வாங்கியவரிடமும் கேட்கட்டும். இருவர் சொல்லும் மாறுபட்டால் இரண்டையும் எழுதட்டும். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்னும் ஆறு வினாவுக்கும் விடை கிடைத்தபின் ஒரு தாளிலே வீட்டுப் பத்திரிகை ஆக்கி, ஞாயிறு மாலை எல்லாருக்கும் வாசித்துக் காட்டட்டும். பிழை தெரியவந்தால் அடுத்த இதழிலே திருத்தம் வெளியிடவேண்டும்.

இதனை வெறும் விளையாட்டென்று எண்ணற்க. பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31ஆம் நாள் இம்மட்டக்களப்பிலேதான் சுட்டுக்கொல்லப்பட்டார். செய்தியெழுதுவோருக்கு அத்தொழில் உயிராபத்தாய் இருந்த ஊர் இது. இன்றோ கைத்தொலைபேசியில் வரும் வதந்தியை ஆராயாமலே ஊரெங்கும் அனுப்பிவிடுகின்றோம். அதனால் அயலார் இருவர் பகைவராகலாம். ஒரு குடும்பத்தின் மானம் போகலாம்.

ஆதலின், பிள்ளையின் பத்திரிகையிலே எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். “யார் சொன்னார்” என்பது இல்லாதிருந்தால் மட்டும் திருப்பிக் கொடுத்து, மீண்டும் கேட்டுவர அனுப்புங்கள்.