அரங்கேறட்டும் அசைன்மெண்ட்!

திருவரங்கம் கோயிலில், தாயார் சந்நிதிக்கு எதிரே ஒரு மண்டபம் நிற்கிறது. கம்பன் தன் காவியத்தை அரங்கேற்றிய இடம் என்று வழிவழியாகச் சொல்லப்படுவது அது. எழுதி முடித்தால் மட்டும் போதாது. கற்றோர் அவை நடுவே நின்று, படித்துக் காட்டி, எழும் ஐயங்களுக்கெல்லாம் விடை கூறவேண்டும். அதுதான் அரங்கேற்றம்! ஆற்றுக்கு இக்கரையில், திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் 19ஆம் நூற்றாண்டில் தம் புராணங்களை அவ்வாறே அவையேற்றினார்.

இந்தப் பழைய முறையை நாம் இன்று நினைவூட்டக் காரணம் உண்டு. 2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வெளிவந்தது. அதுமுதல், திருச்சியில் மட்டுமா, உலகத்துக் கல்லூரிகளிலெல்லாம் ஒரே கேள்வி: கட்டுரை மாணவர் எழுதியதா, எந்திரம் எழுதியதா?

“கண்டுபிடிக்கக் கருவி இருக்கிறதே!” என்கின்றனர் சிலர். இருக்கிறது, அதன் யோக்கியதை என்ன? சாட்ஜிபிடியை ஆக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 சனவரியில் அப்படியொரு கருவியை வெளியிட்டது. அவர்களே நடத்திய சோதனையில், எந்திர எழுத்தில் நூற்றுக்கு 26ஐத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் நூற்றுக்கு 9ஐ எந்திரத்தின் கணக்கில் எழுதியது! அதே ஆண்டு சூலையில் கருவியைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை இத்தகைய கருவிகள் எந்திர எழுத்தென்று பழித்ததை, 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர்.

மணப்பாறையிலிருந்தும் முசிறியிலிருந்தும் பேருந்தேறி வரும் பிள்ளை, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளை, அகராதியைப் புரட்டி அரும்பாடுபட்டு எழுதிய ஆங்கிலக் கட்டுரையை, “இது உன்னுடையதல்ல” என்று ஒரு கருவி தள்ளினால், அந்தப் பிள்ளைக்காகப் பேச யார் உண்டு? திருடனை விட்டுவிட்டுத் தெருவில் போனவனைப் பிடிப்பதா நீதி?

மாணவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. ஆண்டுதோறும் அதே தலைப்பைக் கொடுத்து, பக்கத்தை எண்ணி மதிப்பெண் போட்டது யார்? எந்திரம் வருமுன்பே, மூத்த மாணவரின் பழைய நோட்டும் ஜெராக்ஸ் கடையும் அந்த வேலையைச் செய்துகொண்டுதானே இருந்தன!

மாற்றவேண்டியது கேள்வியை. “நீர்ப்பாசனம் பற்றி எழுது” என்னாதீர். “உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரம் நடந்து, கண்டதையும் கேட்டதையும் எழுதி வா” என்று கூறுங்கள். களத்தில் எடுத்த குறிப்பையும், முதல் படியையும், திருத்திய படியையும் சேர்த்து வாங்குங்கள். ஒரு பகுதியை வகுப்பிலேயே எழுதச் செய்யுங்கள். கடைசியாக, பத்து நிமிடம் எதிரே அமர்த்தி, “இதை ஏன் இப்படி எழுதினாய்?” என்று கேளுங்கள். விடையைத் தமிழில் சொல்லவும் இடமளியுங்கள்.

“அறுபது பேருக்கு நேரம் ஏது?” என்பார் ஆசிரியர். நியாயமான கேள்விதான். பத்து மணி நேரம் வேண்டும். ஐந்து கட்டுரை கேட்கும் இடத்தில் ஒன்று கேட்டால், அந்த நேரம் கிடைக்கும். போதிய ஆசிரியரை அமர்த்துவது அரசின் கடமை, நிர்வாகத்தின் கடமை. தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் திருச்சியில் பல. அகமதிப்பீட்டு முறையைத் திருத்தும் உரிமை அவற்றின் கையிலேயே இருக்கிறது; பயன்படுத்தத் தயக்கம் ஏன்?

எந்திரத்தின்மீது நமக்குப் பகையில்லை. நம் பிள்ளைகளின் சிந்தனை அதனிடம் அடகு போகலாகாது. அவர்களின் உழைப்பு அதன் பெயரால் பழிக்கப்படவும் கூடாது. சந்தேகப்படும் கருவியைத் தூக்கி வையுங்கள். எழுதியவரை அவைக்கு அழையுங்கள்!