பீமனுக்கும் பிஞ்சுக் கழுத்து

மகாபாரதத்தில் ஒரு கதை வருகிறது. குந்தி தேவி கைக்குழந்தையான பீமனை மடியில் போட்டுக்கொண்டு மலைச்சாரலில் உட்கார்ந்திருக்கிறாள். புலி வருகிறது. மடியில் பிள்ளை இருப்பதையே மறந்து பதறி எழுந்துவிடுகிறாள். பீமன் உருண்டு பாறையில் விழுகிறான். பாறை சுக்குநூறாகிறது, பிள்ளைக்குச் சிராய்ப்புக்கூட இல்லை.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வீட்டில் ஒரு பிள்ளை கொஞ்சம் கொழுகொழுவென்று வளர்ந்துவிட்டால் "எங்க வீட்டு பீமன்" என்று பெருமையடித்துக்கொள்கிறோம். பெருமைப்படுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால், விழுந்தால் பாறைதான் உடையும் என்று மெய்யாகவே நம்புகிறவர்கள் மாதிரி அந்தப் பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறோமே, அதற்குத்தான் ஆட்சேபம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று பாருங்கள். மாமல்லபுரத்திலிருந்து திரும்பும் கார்களில் குழந்தை எங்கே இருக்கிறது? முன் ஸீட்டில் அம்மா மடியில் இருக்கிறது. இரண்டு முன் ஸீட்டுகளுக்கும் நடுவில் நின்றுகொண்டிருக்கிறது. அல்லது கூரைக் கண்ணாடியைத் திறந்து, இடுப்புவரை வெளியே நீட்டி, கோவில் உற்சவர் மாதிரி ஊர்வலம் வருகிறது. "குழந்தைக்குத் தனியாக ஒரு கார் சீட் வாங்கக் கூடாதா?" என்று கேட்டால், "என் மடியை விடப் பத்திரமான இடம் உண்டா?" என்று தாத்தாவுக்குக் கோபம் வந்துவிடுகிறது.

கோபம் நியாயம்தானா என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான் கணிதத்தில் புலி அல்ல. இது பள்ளிக்கூடத்துக் கணக்குத்தான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதன்மீதோ மோதி ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 கிலோ எடையுள்ள பிள்ளையை அப்போது பிடித்து நிறுத்த வேண்டுமானால், 200 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்குகிற கை வேண்டும். அத்தனை அரிசி மூட்டைகளைத் தாங்கும் தாத்தா எந்த ஊரில் இருக்கிறார்? 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, கீழே விழுவதற்குச் சமம். "மெதுவாகத்தானே போகிறோம்" என்று சொல்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கட்டும். பிள்ளை கனமாக இருக்க இருக்க, மடி அதற்கு அத்தனைக்கத்தனை உதவாத இடமாகிறது. பீமனைப் பெற்றவர்கள்தான் மற்றவர்களை விட அதிகமாகப் பயப்பட வேண்டும்.

மடியின்மேல் இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தில் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை வைத்தியர் ஒருவர் வருஷக்கணக்காகப் போராடி, சின்னக் குழந்தைகளைக் காரில் பாதுகாப்பு ஆசனத்தில்தான் வைக்க வேண்டும் என்று 1977-இல் ஒரு சட்டம் கொண்டுவரச் செய்தார். 1978-இல் அது அமலுக்கு வந்தது. அந்த நாட்டில் இந்த விஷயத்தில் அதுவே முதல் சட்டம். ஆனால், நிறைவேறும் சமயத்தில் சட்டசபையில் ஒரு விலக்கைச் சேர்த்துவிட்டார்கள்: பெரியவர் கையில் ஏந்தியிருக்கும் குழந்தைக்கு ஆசனம் வேண்டாம்! சாண்டர்ஸ் அதற்குக் 'குழந்தையை நசுக்கும் திருத்தம்' என்று பெயர் வைத்தார். காரணம், மோதும்போது ஏந்தியிருப்பவரின் உடம்பே குழந்தையின்மேல் போய் விழுந்து நசுக்கிவிடும். விடாமல் வாதாடி 1981-இல் அந்த விலக்கை எடுக்கவும் வைத்தார்.

நம் நாட்டில் 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 194-பி என்ற பிரிவு வந்தது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ அல்லது குழந்தைகளுக்கான ஆசனமோ இல்லாமல் காரில் கொண்டுபோனால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது அது. அந்த 'அல்லது'தான் எனக்கு உறுத்துகிறது. பத்து வயதுப் பையனையும் இரண்டு வயதுக் குழந்தையையும் ஒரே வாக்கியத்தில் கட்டிவிட்டார்கள். பெரியவர்களின் பெல்ட் இரண்டு வயதுக் குழந்தையின் இடுப்பெலும்பில் நிற்காது. வயிற்றில் ஏறி அழுத்தும். மேல் பட்டை கழுத்தில் அறுக்கும். இது தெரிந்தும் 'அல்லது' என்று எழுதினால், வாங்க விருப்பமில்லாதவர்களுக்குச் சட்டமே சாக்கு எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிறது.

இனி பீமன் விஷயத்துக்கு வருகிறேன். நண்பர் ஒருவருடைய பேரனுக்கு இரண்டு வயது. எடை 16 கிலோ. அவனுக்கு ஆசனம் வாங்க நண்பரோடு கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். "குழந்தை நல்ல வளர்த்தி சார். இனிமே இதெல்லாம் பத்தாது. பூஸ்டர் போதும். 15 கிலோவிலிருந்து போடலாம்னு அட்டையிலேயே இருக்கு பாருங்க" என்று, பிள்ளையைக் கொஞ்சம் உயர்த்தி உட்கார வைத்துக் கார் பெல்ட்டையே மாட்டிவிடும் பலகை ஒன்றை எடுத்து நீட்டினார். அட்டையில் இருந்தது வாஸ்தவம். அதை நம்புவதுதான் ஆபத்து.

உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையைப் பாருங்கள். இரண்டு வயதுப் பையனின் நடுத்தர எடை 12 கிலோ சொச்சம். 16 கிலோ என்பது நாலு வயதுப் பையனின் எடை. ஆக, நம் பீமனின் எடைக்கு நாலு வயது. எலும்புக்கு வயது இரண்டுதான். சதை முந்திக்கொண்டு வளரலாம். கழுத்தெலும்பு அப்படி முந்தாது. சின்னக் குழந்தையின் கழுத்தெலும்புகள் முழுக்க எலும்பாகி ஒட்டியிருப்பதில்லை, இடையில் குருத்தெலும்புதான். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் தலையோ, உடம்போடு பார்த்தால் நம் தலையை விட எவ்வளவோ பெரிது. கார் மோதும்போது முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் குழந்தையின் உடம்பை வார் பிடித்துக்கொள்ளும்; தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. அது முழு வேகத்தோடு முன்னால் போகும். அந்த இழுப்பு முழுவதும் குருத்துக் கழுத்தின்மேல்தான்.

குழந்தையைக் காரின் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்தால், தலையும் கழுத்தும் முதுகும் சேர்ந்து ஆசனத்தின் முதுகில் அழுந்தும். ஸ்வீடனில் பெர்டில் ஆல்ட்மன் என்ற பேராசிரியர் 1960-களில் இதைச் செய்து காட்டினார். விண்வெளிக்குப் போகிறவர்கள் மல்லாந்து படுத்தபடி கிளம்புவதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்ததாம். அங்கே நாலு வயது வரை குழந்தைகள் பின்பார்த்தே போகிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2011-இல் இரண்டு வயது வரை என்று சொன்னது. 2018-இல் வயதுக் கணக்கையே எடுத்துவிட்டு, அந்த ஆசனம் தாங்கும் எடையும் உயரமும் முடியும்வரை பின்பார்த்தே வையுங்கள் என்று சொல்லிவிட்டது.

ஆகையால் பெரிய பிள்ளைக்கு வேண்டியது பெரிய ஆசனம். அடுத்த வகுப்புக்கு டபிள் பிரமோஷன் கொடுப்பது உதவாது. பின்பார்த்து எத்தனை கிலோ, எத்தனை சென்டிமீட்டர் வரை என்று முதலில் கேளுங்கள். பழைய முறைப்படி 13 கிலோவோடு முடிவதும் உண்டு. 18 கிலோவோ அதற்கு மேலுமோ தாங்குவதும் உண்டு. புதிய ஐரோப்பிய முறையில் உயரம்தான் முதல் கணக்கு; 105 சென்டிமீட்டர் வரை பின்பார்த்து வைக்கக்கூடியவை கிடைக்கின்றன. பிள்ளையை உட்கார வைத்துப் பாருங்கள். உச்சந்தலைக்கு மேல் இரண்டரை சென்டிமீட்டராவது ஆசனம் மிஞ்ச வேண்டும். கால் மடங்குகிறதே என்று கவலைப்படாதீர்கள்; சம்மணம் போட்டு உட்காரக் குழந்தைகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பின்பார்த்து வைக்கும் அளவு முடிந்து முன்பக்கம் திருப்பினாலும், தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால்நடுவே ஒன்று என்று ஐந்து இடத்தில் பிடிக்கும் வார் வேண்டும். பீமன்கள் 18 கிலோவைச் சீக்கிரம் தாண்டிவிடுவார்கள். அதனால் 25 கிலோ வரை அந்த வார் தாங்குமா என்று பாருங்கள். கார் உடம்போடு ஆசனத்தைக் கொக்கியில் பூட்டும் ஐஸோஃபிக்ஸ் முறைக்கும் எல்லை உண்டு. புதிய முறையில் ஆசனமும் பிள்ளையும் சேர்ந்து 33 கிலோ. அதற்கு மேல் போனால் கார் பெல்ட்டால் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். முன் ஸீட்டில் காற்றுப்பை இருந்தால், அதன் எதிரே பின்பார்த்த ஆசனத்தை ஒருபோதும் வைக்கக் கூடாது.

"செலவு அதிகமாயிற்றே" என்பார்கள். ஸீட்டுக்கு உறை, பாட்டுப் பெட்டி, கூரைக் கண்ணாடி என்று வாங்கும்போது இந்தக் கணக்கு ஞாபகம் வருவதில்லை. "ஐந்து நட்சத்திரக் கார் சார்" என்று சிலர் மார்தட்டுகிறார்கள். 2023-இல் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் குழந்தைகளின் பாதுகாப்புக்கும் மார்க்கு உண்டு. ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைகளைப் போன்ற பொம்மைகளைக் குழந்தை ஆசனத்தில் கட்டி வைத்துத்தான் மோதிப் பார்க்கிறார்கள். ஆசனத்தோடு வாங்கிய மார்க்கு மடிக்குப் பொருந்தாது. "குழந்தை அழுகிறதே" என்பார்கள். தடுப்பூசி போடும்போதும்தான் அழுகிறது. அதற்காக ஊசியை நிறுத்திவிட்டோமா?

கடைசியாக ஒரு வாதம் உண்டு. "நாங்கள் எல்லாம் இப்படியே வளர்ந்து ஆளாகவில்லையா?" வளர்ந்தவர்கள்தான் இப்படிக் கேட்கிறார்கள். வளராமல் போனவர்கள் பதில் சொல்ல வரமாட்டார்கள்.

குழந்தையை எடை போடுங்கள். உயரம் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறந்த தேதியையும் மறக்காமல் கடைக்குப் போங்கள். பிள்ளையைப் பார்த்துக் கடைக்காரர் என்ன புகழ்ந்தாலும் அந்த மூன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள். தாத்தா பாட்டி மடிக்கு வேலை இல்லாமல் போய்விடாது; வீடு வந்து சேர்ந்தபிறகு அதில் உட்கார்ந்து பீமன் கதை கேட்கட்டும்.