நிமிர்த்துவது நம் வேலையன்று

லிங்கியிலும் ரந்தாவிலும் சிலியாவிலும் பகாவ் வட்டாரத்திலும் பால்மரம் வெட்டியே ஆயுளைக் கழித்த மூதாட்டியர் நம் சிகிச்சைக் கூடத்துக்கு வந்து நிற்கையில், அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே, சேலையின் கீழ்க்கரை ஒரு பக்கம் தரையைத் தொட்டும் மறுபக்கம் கணுக்காலுக்கு மேல் ஏறியும் இருப்பது கண்ணிற் படும். முன்னே குனியச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தால், இடுப்பின் ஒரு பக்கத்துத் தசை வயல் வரப்புப் போல் எழுந்து நிற்கும். “காண்டா வாளி தூக்கித் தூக்கி வளைஞ்சு போச்சுங்க” என்பார்கள். சுமையே வளைவுக்குக் காரணம் என்று சாதிக்கப் போதிய ஆதாரம் இல்லை. வயது ஏற ஏற இடைத்தட்டுகளும் சிறு மூட்டுகளும் ஒருபுறமாகத் தேய்வதால் உண்டாகும் இவ்வளைவு, வாளியைத் தொட்டே அறியாத கிராணிமாருக்கும் வருகிறது. எனினும் அதைக் குறித்து அந்த அம்மாளிடம் தர்க்கம் செய்வதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

காப் கோணம் 10 பாகையைத் தாண்டினால் பக்கவளைவு என்று எழுதிவிடுகிறோம்; அதன்பின், ரண சிகிச்சை தேவையில்லை என்று கூறி வலி மாத்திரையோடு அனுப்புவோர் ஒரு சாராரும், உருவியும் கச்சை கட்டியும் நேராக்கித் தருவதாக ஆசை காட்டுவோர் ஒரு சாராருமாகப் பிரிந்து நிற்கிறோம். வளர்ச்சி முடிந்த முதுகெலும்பைப் பொறுத்தவரை இரண்டாம் சாராரின் வாக்குறுதி வியாபாரமேயன்றி வைத்தியம் அன்று. முதற் சாராரின் மௌனமோ கடமையில் பாதியைக் கைவிடுவது. இளமையில் தோன்றிச் சிகிச்சையின்றி விடப்பட்ட வளைவுகளை அயோவாவில் 50 ஆண்டு தொடர்ந்து கவனித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களிற் பெரும்பாலோர் தத்தம் காரியங்களைச் செய்துகொண்டு வாழ்ந்ததையும், ஆயினும் நாட்பட்ட முதுகுவலி அவர்களில் 61 சதவீதத்தினருக்கும் ஒப்பிடப்பட்ட ஏனையோரில் 35 சதவீதத்தினருக்கும் இருந்ததையும் காட்டிற்று. ஆகவே நாம் குறைக்க முயல வேண்டியது பாகையை அன்று. வலியையும் அதனால் விளையும் முடக்கத்தையுமே.

இதற்கு முதற்படி, வலி எங்கிருந்து வருகிறதென்று பிரித்தறிவது. லயத்திலிருந்து கோயில் வரை நடப்பதற்குள் இருமுறை உட்கார்ந்துவிடும் பெரியவர், அதே தூரத்தைச் சைக்கிளில் சிரமமின்றிக் கடக்கிறார் என்றால், கால்களின் இரத்த ஓட்டத்தைச் சந்தேகிப்பதற்கு முன் நரம்புக் குழல் குறுகியிருப்பதைச் சந்தேகிக்க வேண்டும். கைப்பிடிமேல் குனியும்போது அக்குழல் சற்றே விரிகிறது. ‘எவ்வளவு தூரம் நடப்பீர்கள்?’ என்ற கேள்வியோடு ‘சைக்கிள் ஓட்டுவீர்களா?’ என்ற கேள்வியையும் நம்மவர் கேட்பதில்லை என்பது என் நெடுநாளைய குறை. அத்தகையவருக்கு முதுகைப் பின்னோக்கி வளைக்கும் அப்பியாசங்களைக் கொடுப்பது உபத்திரவத்தையே பெருக்கும்.

ஜெர்மனியின் மைசன் நகரில் 1921-இல் கத்தரீனா ஷ்ரோத் அம்மையார், தம் வளைந்த உடலையே பரீட்சைக் களமாகக் கொண்டு வகுத்த முறை, கண்ணாடியில் தம்மைப் பார்த்துத் திருத்திக்கொள்வதையும் குழிந்த பக்கத்துக்கு மூச்சைச் செலுத்துவதையும் அடிப்படையாகக் கொண்டது. ஆளுயரக் கண்ணாடி இல்லாத தோட்டத்து வீட்டில் கதவு நிலையும் சுவரும் அதற்குப் போதும். 2016-இல் இத்தாலியில் வயதுவந்தோர் 130 பேரைக் கொண்டு வெளியான ஆய்வில், தாமே உடலைத் திருத்திக்கொள்ளும் பயிற்சியையும் அன்றாட வேலையை ஒட்டிய பயிற்சியையும், அசைந்தால் கெடும் என்ற அச்சத்தைப் போக்கும் பேச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள் பொதுவான இயன்முறைச் சிகிச்சை பெற்றவர்களைவிட மேலான பலன் கண்டார்கள். செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கு அந்த வேலையை ஒட்டிய பயிற்சி என்பது, நீண்ட கம்பை உயர்த்தும்போது கழுத்தைமட்டும் அண்ணாந்து திருகாமல் பாதத்தையும் உடன் நகர்த்துவதும், குலையைத் தூக்குமுன் அதன் அருகே வந்து நிற்பதுமே. வேலையையே விடச் சொல்வது சுலபம்; வீட்டில் உலை வைப்பது யார்?

கச்சையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வலி மிகுந்த நாட்களில் சில மணி நேரம் உதவலாம். போர்ட்டிக்சன் வெயிலில் நாள் முழுதும் அணிவோர் அரிது, அணிந்தால் தசை சோம்பிப்போகுமோ என்ற ஐயமும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பின் அடர்த்தியைச் சோதிக்காமல் பயிற்சியைத் தொடங்குவது விவேகமாகாது. வளர்ச்சி முடிந்தபோதே 50 பாகையைக் கடந்திருந்த மார்பு வளைவு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 பாகை வீதம் ஏறக்கூடுமாதலால், அத்தகையோருக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை படம் எடுத்து, பழைய படத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பாதம் தொய்ந்துவிட்டாலோ சிறுநீரை அடக்க முடியாமற் போனாலோ, மறுநாளைக்கு என்று ஒத்திவையாமல் அன்றே சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கு, கைப்படக் கடிதம் எழுதிக்கொடுத்து அனுப்ப வேண்டும்.