இரண்டாம் இடத்தில் நிற்பவர்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாதத்தில், ரொறன்ரோவிலிருந்து எல்லை கடந்து, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆபர் நகரில் வசிக்கும் உறவினர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். தலைமயிர் வெட்டுவதற்கென அங்குள்ள சிறிய சலூன் ஒன்றுக்குள் நுழைந்தபோது, உள்ளே பெரும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. தேர்தல் விவகாரமாக்கும் என்று முதலில் எண்ணினோம். சற்று நேரம் செவிமடுத்த பின்னரே விடயம் விளங்கிற்று. அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தின் புட்போல் அணியில், முன்வரிசையின் இடப்பக்கக் காவலனாக எந்த மாணவனை நிறுத்துவது என்பதே பிரச்சினை. வாதிட்டோர் இருவர். ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். மற்றவர் கத்தரிக்கோலும் கையுமாக நின்ற முடிதிருத்துநர். முதலாவது ஆட்டத்துக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருந்தன. இருவரும் அவ்வாண்டின் பயிற்சியைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர். எமது தலையின் ஒரு பக்கம் வெட்டப்பட்டும் மறுபக்கம் வெட்டப்படாமலும் கால் மணி நேரம் கழிந்தது.

அன்று எமக்குச் சிரிப்பே வந்தது. ஆயினும், அதன் பின்னர் ஆண்டுதோறும் இவ்விவாதங்களைக் கவனித்து வந்ததில், இது வெறும் வெட்டிப் பேச்சு அன்று என்னும் எண்ணம் எம்முள் வலுப்பட்டது. ஓர் இடம், இரண்டு இளைஞர்கள், அவ்விடத்துக்குத் தகுதியானவர் யார் என்னும் கேள்வி. இக்கேள்வி விளையாட்டுக் களத்துக்கு மட்டும் உரியதன்று. ஆதலால் இவ்வாரம் அதுபற்றியே வாசகர்களோடு பேச விழைகின்றோம்.

எம்மவர் உதைபந்தாட்டம் என்று சொல்வது வேறு. அமெரிக்கர் புட்போல் என்பது வேறு. அதில் காலைவிடக் கைக்கும் தோளுக்குமே வேலை அதிகம். ஒரு பக்கத்தில் 11 பேர் களத்தில் நிற்பர். பந்தை முன்னெடுத்துச் செல்லும்போது ஒரு பதினொருவர். எதிரணியைத் தடுக்கும்போது வேறொரு பதினொருவர். ஆக இடங்கள் 22. பந்தை உதைப்பதற்கென்று வரும் ஓரிருவர் இதற்குப் புறம்பு. அணியில் இருப்போரோ ஏறக்குறைய நூறு பேர். ஒவ்வோர் இடத்துக்கும் முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர் என நிரல்படுத்தி எழுதப்படும் பட்டியலை அவர்கள் ‘டெப்த் சார்ட்’ என்பர். ஆள்வரிசைப் பட்டியல் என நாம் கூறலாம். அப்பட்டியலில் முதலாம் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் இடையில் இருப்பது காகிதத்தில் ஒரு கோடுதான். ஆனால் அக்கோட்டுக்கு மேலே இருப்பவர் ஊரறிந்த வீரர். கீழே இருப்பவர் பெரும்பாலும் தாய் தந்தையர் மட்டும் அறிந்த மாணவர்.

மற்றைய இடங்களில் இருவரையும் மாறி மாறி இறக்கலாம். முன்வரிசையில் களைத்தவருக்குப் பதில் இளைப்பாறியவர் வருவார். குவாற்றர்பாக் என்னும் இடத்தில் மட்டும் அது கடினம். ஒவ்வொரு நகர்விலும் பந்து அவர் கையிலிருந்தே புறப்படுகின்றது. சக வீரர்கள் அவர் குரலுக்கும் அவர் எறியும் வேகத்துக்கும் பழகியிருக்கவேண்டும். இரண்டு குவாற்றர்பாக் வைத்திருக்கும் அணிக்கு ஒருவரும் இல்லை என்பது அந்நாட்டு வழக்கு. ஊரில் யாவருக்கும் பிடித்தமானவர் இரண்டாவது குவாற்றர்பாக்தான் என்று இன்னொரு வழக்கும் உண்டு. காரணம் எளிது. முதலாமவரின் பிழைகளை யாவரும் கண்டுவிட்டனர். இரண்டாமவர் பிழைவிட இன்னும் வாய்ப்பே கிட்டவில்லை!

ரசிகர்களின் ஈடுபாட்டுக்கு ஓர் உதாரணம் தருவோம். 2007 ஏப்ரலில், நிக் சேபன் என்பவர் அலபாமா பல்கலைக்கழக அணியின் பயிற்றுநராகப் பொறுப்பேற்ற முதலாவது வசந்த காலத்தில், அணி தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடும் பயிற்சி ஆட்டத்தைக் காண 92,138 பேர் திரண்டனர். எதிரணி இல்லை, வெற்றி தோல்விக்குக் கணக்கு இல்லை. யார் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைப் பார்ப்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த ஒரு நாள் கண்டதைக் கொண்டே கோடை முழுவதும் வாதம் நடைபெறும். வானொலி நிகழ்ச்சிகளுக்குத் தொலைபேசி எடுத்துத் தீர்ப்பு வழங்குவோர் பலர். தடி எடுத்தவர் எல்லாம் தண்டல்காரர் ஆகிவிடும் காலம் அது. ரசிகர் காண்பது எறியப்பட்ட பந்தை. பயிற்றுநர் காண்பதோ எறியுமுன் நிகழ்ந்ததை. எதிரணி எங்கிருந்து பாயப்போகிறது என்பதை உணர்ந்து முன்வரிசையை மாற்றி நிறுத்தினாரா, ஆபத்தான பந்தை எறியாமல் விட்டாரா, நேற்றுச் சொன்னதை இன்று நினைவில் வைத்திருந்தாரா என்பனவெல்லாம் மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பவை. எனினும், ரசிகரின் கணிப்பு எப்போதும் பிழை, பயிற்றுநரின் கணிப்பு எப்போதும் சரி என்று கூறவும் இயலாது. மூன்று கதைகளைக் கேளுங்கள்.

முதலாவது, நாம் மயிர் வெட்டச் சென்ற அதே ஆன் ஆபரில் நிகழ்ந்தது. 1995 இல் கலிபோர்னியாவிலிருந்து மெலிந்த உடல்வாகுடைய இளைஞர் ஒருவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். குவாற்றர்பாக் வரிசையில் அவருக்கு முன் பலர் நின்றனர். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிவிடலாமா என்றும் அவர் எண்ணியதுண்டு. காத்திருந்து, 1998 இல் முதலாம் இடத்தைப் பெற்றார். அதே ஆண்டில் ட்றூ ஹென்சன் என்னும் உள்ளூர் இளைஞர் அணிக்கு வந்தார். புட்போலிலும் பேஸ்போலிலும் பெயர் பெற்ற ஹென்சன், மிச்சிகன் மண்ணில் வளர்ந்தவர். 1999 இல் பயிற்றுநர் லொயிட் கார் ஒரு விசித்திரமான ஏற்பாட்டைச் செய்தார். ஆட்டத்தின் முதற் காற்பகுதி மூத்தவருக்கு. இரண்டாம் காற்பகுதி ஹென்சனுக்கு. இடைவேளைக்குப் பின் யார் என்பதை அன்றைய ஆட்டமே தீர்மானிக்கும். ஐந்தாம் ஆண்டு மாணவராகிய ஒருவர், வாரந்தோறும் தன் இடத்தைப் புதிதாக நிரூபிக்கவேண்டியிருந்தது. பருவத்தின் பிற்பகுதியிலேயே அவ்விடம் முழுமையாக அவருக்குக் கிட்டியது. 2000 ஜனவரி 1 அன்று ஒறேஞ்ச் போல் ஆட்டத்தில் அலபாமாவுக்கு எதிராக 369 யார் தூரம் பந்தெறிந்து, 35க்கு 34 என்ற கணக்கில் தன் அணியை வெல்ல வைத்தார். அப்படியிருந்தும் தொழில்முறை அணிகள் அவரை 199ஆவது ஆளாகவே தெரிவு செய்தன. அவர் பெயர் ரொம் பிறேடி. பின்னாளில் ஏழு சுப்பர் போல் வெற்றிகளைப் பெற்றவர். ஹென்சனோ பேஸ்போலை நாடிச் சென்றார். பின்னர் புட்போலுக்கும் திரும்பினார். இரண்டிலும் அவருக்கு நிலையான இடம் வாய்க்கவில்லை.

இரண்டாவது கதை அலபாமாவில். ஜேலன் ஹேர்ட்ஸ் என்பவர் 2016 இல், முதலாம் ஆண்டு மாணவராக இருக்கும்போதே முதலிடத்தைப் பிடித்தார். இரண்டு பருவங்களில் அவர் தொடங்கிய ஆட்டங்களில் இரண்டிலேதான் அணி தோற்றிருந்தது. 2018 ஜனவரி 8 அன்று அற்லாண்டாவில் தேசிய இறுதியாட்டம். இடைவேளையின்போது ஜோர்ஜியா 13, அலபாமா பூச்சியம். பயிற்றுநர் சேபன், ஹேர்ட்ஸை அமரச் செய்துவிட்டு, துவா தங்கோவைலோவா என்னும் ஹவாயைச் சேர்ந்த முதலாம் ஆண்டு மாணவரை இறக்கினார். மேலதிக நேரத்தில் துவா எறிந்த 41 யார் பந்து 26க்கு 23 என வெற்றியைத் தேடித் தந்தது. நாடே துவாவைக் கொண்டாடியது. ஓரத்தில் நின்ற ஹேர்ட்ஸும் கொண்டாடினார். அடுத்த பருவத்தில் துவாவே முதலாமவர்.

ஹேர்ட்ஸ் அணியை விட்டுப் போய்விடுவார் என்றே பலரும் எதிர்பார்த்தனர். அவர் போகவில்லை. 2018 டிசம்பர் 1 அன்று, அதே அற்லாண்டா அரங்கில், அதே ஜோர்ஜியாவுக்கு எதிராக அலபாமா பின்தங்கியிருந்த வேளையில் துவா காயமுற்றார். இரண்டாமவராக நின்ற ஹேர்ட்ஸ் உள்ளே வந்தார். ஒரு பந்தை எறிந்து சமப்படுத்தினார்; பின்னர் தாமே ஓடி வெற்றிப் புள்ளியைப் பெற்றார். முடிவு 35க்கு 28. அதே மாதத்தில் பட்டமும் பெற்றுக்கொண்டு, அதன் பின்னரே ஒக்லஹோமா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 2025 பெப்ரவரியில் பிலடெல்பியா அணி சுப்பர் போலை வென்றபோது, அவ்வாட்டத்தின் மிகச் சிறந்த வீரராகத் தெரிவானவரும் அவரே.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இடைவேளையில் ஹேர்ட்ஸை நீக்கியது சரியா, பிழையா? சரிதான்; ஆட்டம் வெல்லப்பட்டது. ஹேர்ட்ஸ் தகுதியற்றவரா? அல்லர், அதற்குப் பின் வந்த ஆண்டுகள் சான்று. ஒருவரை ஓரிடத்திலிருந்து நீக்கும் தீர்ப்பு அன்றைய இரவுக்கு உரியது. அதை அவருடைய வாழ்வு முழுவதற்குமான தீர்ப்பாக மாற்றுவது பார்வையாளர்களாகிய நாமே.

மூன்றாவது கதை ரசிகர்கள் பெருமளவில் பிழைத்த கதை. ஜோர்ஜியாவில் ஸ்ரெற்சன் பென்னற் என்பவர் 2017 இல் புலமைப்பரிசில் எதுவுமின்றித் தாமாக வந்து சேர்ந்தவர். இடையில் ஒரு சிறிய கல்லூரிக்குச் சென்று மீண்டவர். உயரம் குறைவு. 2021 இல் முதலாமவர் காயமுற்றதால் இடம் பெற்றார். அவ்வாண்டு டிசம்பரில் அலபாமாவிடம் 41க்கு 24 எனத் தோற்றதும், பென்னற்றை மாற்று என்று ரசிகர்கள் உரத்துக் கேட்டனர். பயிற்றுநர் கேர்பி ஸ்மார்ட் மாற்றவில்லை. 2022 ஜனவரி 10 அன்று அதே அலபாமாவை 33க்கு 18 என வென்று, 1980ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பின் முதன்முறையாகத் தேசியப் பட்டத்தை ஜோர்ஜியா பெற்றது. மறு ஆண்டும் பென்னற்றின் தலைமையில் பட்டம் தொடர்ந்தது. அவரை வேண்டாம் என்றவர்களும் அவர் பெயர் பொறித்த மேற்சட்டையை அணிந்தனர்.

இக்கதைகளில் வரும் காத்திருப்பு இன்று அரிதாகி வருகின்றது. முன்னர், ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வீரர், பட்டம் பெற்றவராக இருந்தாலன்றி, பொதுவாக ஓர் ஆண்டு ஆடாமல் இருக்கவேண்டும். அவரை அழைத்து வந்த பயிற்றுநரோ, கூடிய சம்பளம் கிடைத்தால் மறுநாளே வேறிடம் போகலாம். 2021 இல் வீரர்களுக்கு ஒருமுறை தடையின்றி மாறும் உரிமை கிட்டியது. 2024 இல் அந்த ஒருமுறை என்ற வரையறையும் போயிற்று. 2021 ஜூலை முதல் தமது பெயரையும் புகழையும் கொண்டு வீரர்கள் பணம் ஈட்டலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கத் தொடங்கின. அதே உடன்பாடு அணியின் அளவையும் 105 பேர் என வரையறுத்தது. பென்னற் போன்று தாமாக வந்து வாசலில் நிற்போருக்கு அதனால் இடம் குறுகியது.

ஆதலால் இன்று ஆகஸ்டில் இரண்டாமவர் எனத் தெரிந்தவர், அடுத்த ஜனவரியில் வேறு அணியில் இருப்பது வழமையாகிவிட்டது. விசுவாசம் செத்துவிட்டது என்று மூத்த ரசிகர்கள் அங்கலாய்க்கின்றனர். அவர்தம் கவலை எமக்கு விளங்குகின்றது. ஹேர்ட்ஸ் பொறுத்திராவிடில் அந்த டிசம்பர் மாலை இல்லை. ஆனால் பொறுத்திருந்தும் அழைக்கப்படாமலே நான்கு ஆண்டுகளைக் கழித்தவர்கள் எத்தனை பேர்? அவர்களுடைய கதையை யாரும் எழுதுவதில்லை. பொறுமையைப் போற்றுவோர், அப்பொறுமையின் விலையைச் செலுத்தியவர் யார் என்பதையும் கேட்கவேண்டும்.

எம்மைப் பொறுத்தவரை, இடம் மாறிப் போனவரைத் துரோகி என்று அழைக்க எமக்கு நா எழவில்லை. அவர் விரும்பிப் போகின்றார். நாம் விரும்பி வந்தவர்கள் அல்லர். இரண்டும் ஒன்றெனக் கூறமாட்டோம். ஆயினும், ஊரில் ஆசிரியராக இருந்தவர் இங்கே தொழிற்சாலையில் இரவு வேலை செய்ததை நாம் கண்டிருக்கின்றோம். ஆள்வரிசைப் பட்டியலின் அடியில் புதிதாகப் பெயர் எழுதப்படுவது எத்தகையது என்பதை எமது சமூகத்துக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

அதே நாம்தான், வீட்டுக்கு விருந்தினர் வந்ததும், அவர் மகனுக்கு எத்தனை புள்ளி, எம் மகளுக்கு எத்தனை புள்ளி என்று பட்டியல் எழுதத் தொடங்குகின்றோம். அந்தச் சலூனில் இருந்த இருவரும் தாம் அறியாத ஒரு பிள்ளையைப் பற்றி வாதிட்டனர். அந்தப் பிள்ளை அங்கே இல்லை. எமது வீடுகளில் பிள்ளை பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கின்றது. ஒப்பிடுவதை முற்றாக நிறுத்துவது மனித இயல்புக்கு அப்பாற்பட்டது. ஒப்பிடும்போது, இது இன்றைய கணக்கு மட்டுமே என்ற நினைவேனும் எமக்கு இருக்கட்டும். அதைப் பிள்ளைக்கும் கேட்கச் சொல்வோமாக.

அன்று இடப்பக்கக் காவலனாக யார் நிறுத்தப்பட்டார் என்பதை நாம் பின்னர் விசாரிக்கவில்லை. தபால்காரரும் முடிதிருத்துநரும் சமாதானமாகியே பிரிந்தனர். மறுநாளும் வாதம் தொடர்ந்திருக்கும். எமது தலைமயிர்தான் இடப்பக்கம் சற்றுக் கோணலாக வெட்டப்பட்டிருந்தது. ஊர் திரும்பும்வரை தொப்பி அணிந்திருந்தோம்.