130 ரூபாய் டி-சர்ட் 250-க்கு போகுது... லாபத்தை தின்னும் 'ரிட்டன்' பார்சல்!

திருப்பூர்:

திருப்பூர் ரெயில் நிலையத்துக்கு பக்கத்திலேயே இருக்கிறது காதர்பேட்டை. திரும்பிய பக்கமெல்லாம் பனியன் கடைதான். டி-சர்ட், நைட் பேண்ட், குழந்தைகள் உடுப்பு என்று எதைக் கேட்டாலும் கட்டுக்கட்டாக எடுத்துப் போடுவார்கள். வெளியூர் வியாபாரிகள் மூட்டை கட்டிக்கொண்டு போகும் இந்த பஜாருக்கு சில ஆண்டுகளாக புது ரக வியாபாரிகளும் வருகிறார்கள்.

இவர்கள் கையில் மூட்டை கிடையாது, செல்போன் மட்டும்தான். கடையில் இருக்கும் சரக்கை போட்டோ பிடித்து வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள். ஆர்டர் வந்தால் அதே கடையில் வாங்கி கூரியரில் தட்டி விடுகிறார்கள். மீஷோ போன்ற ஆன்லைன் தளங்களில் கடை விரித்தவர்களும் உண்டு.

பகலில் பனியன் கம்பெனியில் செக்கிங், அயர்னிங் வேலை. ராத்திரி வீட்டில் பார்சல் ஒட்டும் வேலை. 2025 ஆகஸ்டில் இந்திய சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் ஏற்றுமதி ஆட்டம் கண்டது. ஆர்டர் குறைந்தால் ஷிப்ட் குறையும், சனிக்கிழமை சம்பளமும் குறையும். அதனால்தான் பக்கத்தில் ஒரு வருமானம் இருந்தால் தேவலை என்று பலரும் நினைக்கிறார்கள்.

பேப்பரில் லாபம்... கையில் நஷ்டம்!

சரி, கையில் நிஜமாகவே காசு நிற்கிறதா? ஒரு உதாரண கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

டி-சர்ட் கொள்முதல் 130 ரூபாய். கூரியர் 60. கவர், ஸ்டிக்கர் 10. ஆக மொத்தம் 200 ரூபாய். 250-க்கு விற்றால் ஒரு பீசுக்கு 50 ரூபாய் லாபம். 100 பார்சல் போனால் 5 ஆயிரம்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் 'பொருள் வந்ததும் காசு' என்று அனுப்பிய 100 பார்சலில் 30 திரும்பி வந்தால்? விற்ற 70-க்கு லாபம் 3,500 ரூபாய். திரும்பிய 30-க்கு போக 60, வர 60, கவர் 10 என தலா 130 வீதம் 3,900 ரூபாய் தண்டம். ஆக, உழைத்தது போக கையை விட்டு 400 ரூபாய் போச்சு! வந்த பீசில் அழுக்கு, கிழிசல் இருந்தால் அந்த முதலும் அம்போ.

அதே 100-ல் 10 மட்டும் திரும்பினால் 3,200 ரூபாய் மிச்சம். மொத்த வித்தியாசமும் ரிட்டனில்தான் இருக்கிறது. ஆன்லைன் தளங்களில் ரிட்டன் கட்டண விதி தளத்துக்கு தளம் மாறும். சேரும் முன்பே படித்துவிடுவது நல்லது.

ஏன் திரும்புது?

பஜாரில் மலிவாக கிடைப்பதில் ஒரு பிரச்சினை சைஸ். ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு வெளிநாட்டு அளவில் தைத்தது. அங்கே 'மீடியம்' என்பது இங்கே தொளதொளவென்று நிற்கும். செகண்ட்ஸ் பீசில் சின்ன ஓட்டை, சாயப் பிசிறு இருக்கும். கடையில் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு அது தெரியும். போட்டோவில் தெரியாது.

இன்னொரு ஆபத்து, பிரபல கம்பெனி லேபிள் ஒட்டிய போலி சரக்கு. தெரிந்தே விற்று மாட்டினால் 1999-ம் ஆண்டு வணிகச் சின்ன சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம்.

ஜி.எஸ்.டி. சிக்கல்

ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்குள் வியாபாரம் செய்யும் சிறு வியாபாரிகள், தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஆன்லைன் தளத்தில் விற்க ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. 2023 அக்டோபர் 1 முதல் இந்த சலுகை இருக்கிறது. பான் கார்டை வைத்து ஜி.எஸ்.டி. இணையதளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். ஆனால் பாலக்காட்டுக்கோ பெங்களூருக்கோ ஒரு பனியன் அனுப்பினாலும் பதிவு கட்டாயம். இது தெரியாமல் கேரள ஆர்டரை வாங்கிப்போட்டு முழிப்பவர்கள் உண்டு.

நிலைத்து நிற்பவர்கள் யார்?

கடை போட்டோவை அப்படியே போடாமல், கையில் இருக்கும் பீசை வெளிச்சத்தில் வைத்து படம் எடுப்பவர்கள். 'எல்', 'எக்ஸ்.எல்.' என்று மட்டும் எழுதாமல் மார்பளவு, உயரத்தை டேப் வைத்து அளந்து இன்ச்சில் போடுபவர்கள். ஓட்டை இருந்தால் இருக்கிறது என்று சொல்லியே விற்பவர்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்புபவர்கள். ஆர்டர் குறைந்தாலும் இவர்களுக்கு பார்சல் திரும்புவதும் குறைவு.

தோடை அடகு வைத்து, வார வட்டிக்கு வாங்கி 500 பீஸ் ஒரேயடியாக இறக்குபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சரக்கு வீட்டு மூலையில் கிடக்கும். வட்டிக்காரர் சனிக்கிழமை சம்பளத்தன்று சரியாக வந்து நிற்பார். முதலில் 10 பீஸ் வாங்கி அனுப்பி, எத்தனை திரும்பி வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு அடுத்த கட்டை பிரித்தால், தோடு காதிலேயே இருக்கும்.